பழைய நன்மைகளை நினைத்தால் கீழ்ப்படிதல் வருமா? (உபாகமம் வாசிப்பவர்களுக்கு ஒரு கேள்வி)

ஞாயிறுபள்ளி வாத்தியார் (இழையைத் தொடங்கியவர்):

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையின் சனிக்கிழமை வேதபாடத்தில் உபாகமம் (எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வந்த இஸ்ரவேல் ஜனத்துக்கு மோசே பேசும் வேதாகமப் புத்தகம்) 8-ஆம் அதிகாரத்தில் வண்டி நின்றுவிட்டது. நாற்பது வருஷம் வனாந்தரத்தில் "நடத்திவந்த எல்லா வழியையும் நினைப்பாயாக" என்று மோசே சொல்கிறார். நினை, மறவாதே, எச்சரிக்கையாயிரு என்று அந்த அதிகாரம் முழுக்க இதே பேச்சு. நினைத்தால் கற்பனைகளை, அதாவது கட்டளைகளை, கைக்கொள்வாய், மறந்தால் அழிந்துபோவாய் என்பதுதான் அவருடைய வாதம்.

வகுப்பில் ஒரு தம்பி எழுந்து கேட்டார்: "ஐயா, டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் ஆளாளுக்குச் சாட்சி சொல்கிறோம். விபத்தில் காப்பாற்றினார், வேலை கொடுத்தார், வீடு கட்ட உதவினார். பொங்கல் வருவதற்குள் எல்லோரும் பழைய ஆட்கள். நினைத்ததால் என்ன மாறியது?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. செங்கடல் பிளந்ததைக் கண்ணால் பார்த்தவர்களே சில மாதத்துக்குள் பொன் கன்றுக்குட்டி செய்து கும்பிட்டார்கள். "ஆனாலும் அவர்கள் சீக்கிரமாய் அவருடைய கிரியைகளை மறந்தார்கள்" என்று சங்கீதம் 106 சொல்கிறது. கண்டவர்களுக்கே அந்தக் கதி என்றால், கேட்டு நினைப்பவர்களுக்கு? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

மூன்றாம்வரிசை:

வாத்தியார் ஐயா, அவர்கள் மறந்தார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. நன்றாகவே நினைத்தார்கள். எண்ணாகமம் 11:5 பாருங்கள். எகிப்தில் கிரயமில்லாமல் சாப்பிட்ட மீன், வெள்ளரிக்காய், கொம்மட்டிக்காய், கீரை, வெங்காயம், வெள்ளைப்பூண்டு என்று ஒன்று விடாமல் பட்டியல் போடுகிறார்கள். ருசி அத்தனையும் நாக்கில் இருக்கிறது. அடிமையாக உழைத்த செங்கல் சூளையைக் காணோம். ஆண்பிள்ளைகளை நதியில் போடச் சொன்ன ராஜாவைக் காணோம். கிரயமில்லாத மீனாம்!

அதனால் ஞாபகசக்தி இருந்தால் மட்டும் போதாது. எதை நினைக்கிறோம், எதைக் கழித்துவிட்டு நினைக்கிறோம் என்பதில்தான் விஷயம். மோசே சொல்லும் நினைவில் பசியும் இருக்கிறது, சிறுமைப்பட்டதும் இருக்கிறது. வனாந்தரத்தில் வானத்திலிருந்து வந்த ஆகாரமான மன்னாவை மட்டும் நினைக்கச் சொல்லவில்லை. பசிக்கவிட்டு மன்னா கொடுத்தார் என்று சேர்த்துத்தான் சொல்கிறார்.

நம் சாட்சிகளைக் கவனித்தால் பெரும்பாலும் வெள்ளரிக்காய்ப் பட்டியல்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

லுத்தரன் தஞ்சை:

நல்ல இழை. என் பக்கத்திலிருந்து வரிசையைப் பற்றி ஒன்று.

பத்துக் கற்பனை "கொலை செய்யாதே" என்று ஆரம்பிப்பதில்லை. "என்னையன்றி வேறே தேவர்கள் வேண்டாம்" என்றுகூட ஆரம்பிப்பதில்லை. யாத்திராகமம் 20:2-ல் "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்து தேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே" என்று ஆரம்பிக்கிறது. யூதர்கள் அந்த வாக்கியத்தையே பத்து வார்த்தைகளில் முதலாவதாக எண்ணுகிறார்கள். முதலில் விடுதலை, பிறகுதான் கட்டளை. ஜனங்கள் கற்பனைகள் கொடுக்கப்பட்ட சீனாய் மலைக்கு வந்து நியாயப்பிரமாணத்தைக் கைக்கொண்டு, அதில் பாஸ் ஆன பிறகு கடல் பிளக்கவில்லை.

நாங்கள் சின்ன வயதில் மனப்பாடம் செய்த லூத்தரின் சிறிய ஞானோபதேசம் என்கிற வினாவிடைப் புத்தகத்தில் (1529) கற்பனைகள் பகுதியில் எகிப்து வரி கிடையாது. எனக்கு அது இன்றைக்கும் ஒரு குறைதான். ஆனால் விசுவாசப்பிரமாணத்தின் முதல் பகுதிக்கு அவர் எழுதிய விளக்கத்தில் அதைச் சரிக்கட்டிவிடுகிறார். சரீரம், ஆத்துமா, கண், காது, உடை, உணவு, வீடு எல்லாம் என் தகுதி பார்க்காமல் கொடுத்தார். ஆகவே அவருக்கு நன்றி சொல்லவும் ஊழியம் செய்யவும் கீழ்ப்படியவும் கடன்பட்டிருக்கிறேன் என்று முடிகிறது. சீர்திருத்த சபைகளின் ஹைடல்பெர்க் வினாவிடை (1563) இன்னும் தெளிவு. அதில் மூன்று பகுதி: மனிதனின் அவலம், விடுதலை, நன்றி. பத்துக் கற்பனையை மூன்றாவது பகுதியில், நன்றியின் கீழ்தான் வைத்திருக்கிறார்கள்.

உங்கள் வகுப்புத் தம்பிக்கு நான் இப்படிச் சொல்வேன்: கீழ்ப்படிதலுக்கு இரண்டு எஞ்சின் உண்டு, பயமும் நன்றியும். நினைவு போனால் பயம் மட்டும்தான் மிஞ்சும்.

கேள்விக்குறி:

//கீழ்ப்படியவும் கடன்பட்டிருக்கிறேன்//

எனக்கு உறுத்துவது இந்தக் 'கடன்'தான். நம் ஊர்ப் பிரசங்கங்களில் இந்தத் தலைப்பு வந்தால் கண்டிப்பாக 110-ஆம் குறள் வரும், "எந்நன்றி கொன்றார்க்கும் உய்வுண்டாம்". அருமையான குறள், மறுக்கவில்லை. ஆனால் செய்ந்நன்றி என்பது செய்தவருக்குத் திரும்பிப் போவது. ஒருவர் உங்கள் மகளுக்குக் காலேஜ் சீட் வாங்கிக் கொடுத்தால், அவர் வீட்டுக் கல்யாணத்தில் முதல் ஆளாக நிற்பீர்கள்.

தேவனுக்கு எதைத் திருப்பிக் கொடுக்கப் போகிறோம்? அவருக்கு என்ன குறை? "இத்தனை செய்தேனே, இதுகூடச் செய்யமாட்டாயா" என்று அப்பா அம்மா சொல்லிக்காட்டுவது போல ஆகிவிடாதா? சொல்லிக்காட்டினால் பிள்ளை செய்வான், ஆனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் செய்வான். அந்தக் கீழ்ப்படிதலையா கர்த்தர் கேட்கிறார்?

மூன்றாம்வரிசை:

கேள்விக்குறி, இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி இது. பதில் உபாகமத்திலேயே இருக்கிறது. 'எகிப்தில் அடிமையாயிருந்தாய், நினை' என்று மோசே எங்கெங்கே சொல்கிறார் என்று தேடிப் பாருங்கள்.

5:15, ஓய்வுநாள். யாத்திராகமத்தில் ஓய்வுநாளுக்குக் காரணம் சிருஷ்டிப்பு, இங்கே எகிப்து. அதற்கு முந்தின வசனத்தின் முடிவு என்ன? உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாறவேண்டும்.

15:15, ஏழாம் வருஷம் அடிமையை விடுதலை செய்வது. அதுவும் வெறுங்கையாக அனுப்பாதே. ஆட்டுமந்தையிலும் களத்திலும் ஆலையிலும் இருந்து தாராளமாகக் கொடுத்து அனுப்பு. ஏன்? நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய்.

24-ஆம் அதிகாரக் கடைசியில் இரண்டு தடவை வருகிறது. விதவையின் வஸ்திரத்தை அடகு வாங்காதே. வயலில் மறந்துவிட்ட கதிர்க்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே, ஒலிவமரத்தை இரண்டாம் முறை உதிர்க்காதே, திராட்சையைத் திரும்ப அறுக்காதே. அது பரதேசிக்கும் (வேற்றூரிலிருந்து வந்து தங்கியவனுக்கும்) திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும். ஏன்? அதே காரணம்.

கவனித்தீர்களா? நீங்கள் சொன்ன கணக்கு இங்கே செல்லாது. வாங்கினது கர்த்தரிடம். கொடுக்கச் சொல்வது அவருக்கு அல்ல, மூன்றாவது ஆளுக்கு. அந்த மூன்றாவது ஆள், போன தலைமுறையில் நாம் எந்த இடத்தில் நின்றோமோ அதே இடத்தில் இன்று நிற்பவன். மத்தேயு 18-ல் பதினாயிரம் தாலந்து மன்னிக்கப்பட்டவன் வெளியே வந்ததும் நூறு வெள்ளிப்பணத்துக்காக உடன் வேலைக்காரனின் தொண்டையைப் பிடிக்கிறான். ராஜா அவனைத் திரும்ப அழைக்கிறார். "நான் உனக்கு இரங்கினதுபோல, நீயும் இரங்கவேண்டாமா" என்றுதான் கேட்கிறார். அவன் ராஜாவுக்குத் தினமும் நன்றி சொல்லிக்கொண்டே இருந்திருந்தாலும் தீர்ப்பு மாறியிருக்காது.

என் கருத்து இதுதான்: கர்த்தர் செய்ததை நினைப்பது யாராவது ஒருவருடைய கூலியில், ஓய்வில், சாப்பாட்டில் வந்து இறங்க வேண்டும். அங்கே இறங்காத சாட்சி பாட்டோடு முடிந்துவிடும்.

சமையற்கட்டு:

நான் இங்கே படிப்பதோடு சரி, அதிகம் எழுதுவதில்லை. 26-ஆம் அதிகாரத்தை விட்டுவிட்டீர்களே தம்பி.

முதற்பலனைக் கூடையில் வைத்து ஆசாரியனிடம் கொண்டுபோகும்போது ஒவ்வொருவனும் வாயால் சொல்லவேண்டிய சாட்சி அங்கே இருக்கிறது. என் தகப்பன் கொஞ்சம் ஜனத்தோடு எகிப்துக்குப் போனான், எகிப்தியர் எங்களை ஒடுக்கினார்கள், கூப்பிட்டோம், கர்த்தர் கேட்டார், இந்தத் தேசத்தைத் தந்தார். சொல்கிறவன் கானானில் பிறந்தவனாக இருப்பான். எகிப்தைக் கண்ணால் பார்த்திருக்கமாட்டான். ஆனாலும் 'எங்களை' என்றுதான் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் 11-ஆம் வசனம்: நீயும் லேவியனும் உன்னிடத்திலிருக்கும் பரதேசியும் சேர்ந்து சந்தோஷப்படுங்கள். அடுத்த வசனமே மூன்றாம் வருஷத் தசமபாகம். விதவையும் பிள்ளைகளும் உன் வாசல்களில் திருப்தியாகச் சாப்பிட வேண்டும்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் அசனம் உண்டு. ஊரே வந்து உட்கார்ந்து ஒரே சோறு, ஒரே குழம்பு. யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று பார்த்தாலே அந்தச் சபை எதை நினைத்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். எல்லா ஊரிலும் அது அழகாக நடக்கிறது என்று சொல்லமாட்டேன். பந்தியில் ஒன்றாக உட்கார்ந்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்தில் தனித்தனியாகப் படுக்கிற ஊர்களும் இருக்கின்றன.

அறுப்பின் பண்டிகை எனக்கு அவ்வளவு திருப்தி இல்லை. வாழைத்தாரும் பூசணிக்காயும் கோழியும் வருகிறது, ஏலம் போடுகிறோம், ஒரு தேங்காய்க்குப் போட்டி போட்டு விலை ஏற்றுகிறோம், பணம் சபைக்கு. சரி, கட்டடத்துக்கும் பணம் வேண்டும்தான். ஆனால் உபாகமம் 26-ல் கூடை வந்த பிறகு பரதேசியின் வயிறு நிறைகிறது. நம் பூசணிக்காய் ஏலத்தில் எடுத்தவர் வீட்டுக்குத்தான் போகிறது.

மறுபடியும் பிறந்தவன்:

எல்லோரையும் மதிக்கிறேன், ஆனால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. கூலி, பந்தி, ஏலம் என்று இது சமூக சேவை இழையாகிவிட்டது. கீழ்ப்படிதல் என்றால் முதலில் பரிசுத்த ஜீவியம். 2 பேதுரு 1:9, தன் முந்தின பாவங்கள் கழுவப்பட்டதை மறந்தவன் குருடன். நான் குடித்துக்கொண்டிருந்தவன். இன்றைக்கும் கடைத்தெரு வழியாகப் போகும்போது கால் இழுக்கும். கர்த்தர் என்னை எந்தக் குழியிலிருந்து தூக்கினார் என்று நினைப்பேன், கால் நேராகப் போகும். எனக்கு நினைவு வேலை செய்கிறது. உங்கள் தம்பி கேட்ட கேள்விக்கு என் ஜீவியமே பதில்.

இன்னொன்று. உபாகமம் 7:18-ஐ யாரும் சொல்லவில்லை. எதிரி நம்மைவிடப் பெரியவன் என்று பயம் வரும்போது பார்வோனுக்குச் செய்ததை நினை என்கிறார். அங்கே நினைவு தைரியத்துக்கு. மாற்கு 8-லும் அப்படித்தான். படகில் ஒரே அப்பம் இருக்கிறது என்று சீஷர்கள் கவலைப்படுகிறார்கள். ஐந்தப்பத்தை ஐயாயிரம் பேருக்குப் பங்கிட்டபோது எத்தனை கூடை நிறைய எடுத்தீர்கள் என்று இயேசு கேட்கிறார். பன்னிரண்டு என்று கணக்கு சரியாகச் சொல்கிறார்கள், கவலை மட்டும் போகவில்லை.

சமையற்கட்டு:

பிரதர், சந்தோஷம். கர்த்தர் உங்களைக் காக்கட்டும். ஒன்று மட்டும் கேட்கிறேன். நீங்கள் குடியை விட்டதில் முதல் லாபம் யாருக்கு? உங்கள் வீட்டுக்காரிக்கும் பிள்ளைகளுக்கும்தானே? பரிசுத்தம் வேறு, பந்தி வேறு என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

மறுபடியும் பிறந்தவன்:

அக்கா, அதை மறுக்க முடியாது. என் மனைவியிடம் கேட்டால் என்னைவிட நீளமாகச் சாட்சி சொல்வாள்.

மூன்றாம்வரிசை:

தைரியம் பற்றிப் பிறந்தவன் பிரதர் சொன்னது சரி. கீழ்ப்படிய முடியாமல் போவதற்குப் பாதி நேரம் பயம்தான் காரணம். அதையே வைத்து வகுப்புத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். அவர் கேட்டது அப்படியே எரேமியா 34-ல் நடந்திருக்கிறது. அதிகம் பிரசங்கிக்கப்படாத அதிகாரம்.

யூதாவை ஆண்ட சிதேக்கியா ராஜாவின் காலம். பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரின் சேனை எருசலேமைச் சுற்றி வளைத்திருக்கிறது. யூதாவில் லாகீசும் அசெக்காவும் மட்டும்தான் விழாமல் நிற்கும் கோட்டைகள். அந்த நெருக்கடியில் ராஜாவும் பிரபுக்களும் ஒரு நல்ல காரியம் செய்கிறார்கள். எபிரெய அடிமைகளை எல்லாம் விடுதலை செய்வதாக ஆலயத்தில் உடன்படிக்கை. கன்றுக்குட்டியை இரண்டாக வெட்டி, துண்டுகளின் நடுவே நடந்து போகிறார்கள். விடுதலையும் செய்துவிட்டார்கள்.

அப்புறம் என்ன? எகிப்திலிருந்து பார்வோனின் சேனை புறப்பட்டது என்று செய்தி வருகிறது (37-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது). பாபிலோனியர் முற்றுகையை விட்டு விலகிப் போகிறார்கள். ஊரில் மூச்சு வந்தது. மூச்சு வந்த கையோடு, விட்ட அடிமைகளை எல்லாம் திரும்பப் பிடித்து வந்து வேலைக்கு வைத்துக்கொண்டார்கள்!

இப்போது கர்த்தருடைய வார்த்தை எங்கே ஆரம்பிக்கிறது பாருங்கள். 'உங்கள் பிதாக்களை அடிமைத்தன வீடாகிய எகிப்திலிருந்து நான் கொண்டுவந்த நாளில் அவர்களோடு உடன்படிக்கை பண்ணினேன்' என்று பழைய கதையை எடுக்கிறார். நீங்கள் விடுதலை கொடுக்கவில்லை, ஆகவே நான் விடுதலை கூறுகிறேன், பட்டயத்துக்கும் (வாளுக்கும்) கொள்ளைநோய்க்கும் பஞ்சத்துக்கும் என்கிறார். பாபிலோனியர் திரும்பி வந்தார்கள். கி.மு. 587 அல்லது 586-ல் நகரம் விழுந்தது.

டிசம்பர் 31 ராத்திரிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? முற்றுகையில் நினைத்தார்கள், முற்றுகை விலகியதும் மறந்தார்கள். அவர்களுக்கு வந்தது பயம். அதை நினைவு என்று எண்ணிவிட்டார்கள். உபாகமம் 8-ல் மோசேக்கு உள்ள கவலையும் கஷ்டகாலத்தைப் பற்றி அல்ல. நல்ல வீடு கட்டி, ஆடுமாடு பெருகி, வெள்ளியும் பொன்னும் சேர்ந்த பிறகு 'என் சாமர்த்தியம்' என்று சொல்லிவிடுவாயே என்றுதான் பயப்படுகிறார்.

கடற்கரை:

நான் எழுதலாமா என்று யோசித்தேன். குமரி மாவட்டக் கடற்கரை ஊர். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்த நாள். அதற்குச் சில நாள் கழித்து வருஷக் கடைசி ஆராதனை. தப்பியவர்களில் சிலர் "கர்த்தர் எங்களைக் காத்தார்" என்று சாட்சி சொன்னார்கள். பொய் இல்லை, காப்பாற்றப்பட்டவர்கள்தான். அதே பெஞ்சில் பிள்ளையைப் பறிகொடுத்த அம்மா உட்கார்ந்திருந்தார்.

நீங்கள் எல்லோரும் 'அவர் செய்ததை நினை' என்கிறீர்கள். அவர் செய்யாமல் விட்டதை நினைக்கிறவர்கள் என்ன செய்வது? நினைவுதான் கீழ்ப்படிதலுக்கு எரிபொருள் என்றால், எங்களில் சிலருக்கு டேங்க் காலி. கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

லுத்தரன் தஞ்சை:

கடற்கரை, உங்களுக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. 44-ஆம் சங்கீதம் உங்கள் கேள்வியைத்தான் கேட்கிறது, அதுவும் உங்களைவிடக் காட்டமாக. முதல் வசனங்களில் எங்கள் பிதாக்கள் சொன்னதைக் காதால் கேட்டோம், நீர் ஜாதிகளை (அந்நிய ஜனங்களை) துரத்தி இவர்களை நாட்டினீர் என்று பழைய கிரியைகள். நடுவில் திருப்பம்: இப்போதோ எங்களைத் தள்ளிவிட்டீர், ஆடுகளைப்போல் இரையாகக் கொடுத்தீர். கடைசியில் "ஏன் நித்திரைபண்ணுகிறீர்" என்கிற மட்டும் போகிறது. பழையதை நினைத்ததால்தான் அவர்களுக்கு இந்த வழக்கு. நினைக்காதவனுக்குக் கேட்க என்ன இருக்கிறது? ஆனாலும் 17-ஆம் வசனத்தில் இதெல்லாம் வந்தும் உம்மை மறக்கவில்லை என்கிறார்கள். சபை இதைப் பாட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்துப் போடவில்லை என்பதே எனக்கு ஒரு ஆறுதல்.

நடைமுறையாக ஒன்று. வேதம் நினைக்கச் சொல்வது பெரும்பாலும் எல்லோருக்கும் பொதுவான ஒன்றை. இஸ்ரவேலுக்கு யாத்திரை, நமக்குச் சிலுவையும் உயிர்த்தெழுதலும். என் வீட்டுக்கு வந்த நன்மை, உன் வீட்டுக்கு வராத நன்மை என்கிற பட்டியல் அல்ல. "என்னை நினைவுகூரும்படி இதைச் செய்யுங்கள்" என்று அப்பத்தைக் கொடுத்தபோது, இழந்த அம்மாவுக்கும் தப்பியவருக்கும் ஒரே துண்டுதான். தனிச் சாட்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை இதற்கு மேலே தூக்கி வைத்ததில்தான் நாம் சிக்கிக்கொண்டோம்.

அந்தப் பந்தியிலும் மூன்றாம்வரிசை சொன்னது வந்துவிடுகிறது. 1 கொரிந்தியர் 11-ல் ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் குடித்து வெறித்திருக்கிறான். இது கர்த்தருடைய இராப்போஜனமே அல்ல என்கிறார் பவுல். நினைவுகூருதல் ஏழையை வெட்கப்படுத்தினால் அது நினைவுகூருதலே அல்லவாம்.

கடற்கரை:

44-ஐ வாசித்தேன். 23-ஆம் வசனத்தில் நின்றுவிட்டேன். எங்கள் ஊரில் அதை யாரும் ஆராதனையில் வாசித்துக் கேட்டதில்லை.

கேள்விக்குறி:

அதை வாசிக்கச் சொல்லி உங்கள் போதகரிடம் கேளுங்கள். நானும் எங்கள் ஐயரவாளிடம் கேட்கப் போகிறேன்.

கடன் விஷயத்தில் பாதி ஒத்துக்கொள்கிறேன். கணக்கு மூன்றாவது ஆளிடம் போகிறது என்றால் அது சொல்லிக்காட்டல் இல்லைதான். மீதிப் பாதி எரேமியா 34. துண்டுகளின் நடுவே நடந்தவர்கள் நிஜமான பக்தியோடு நடந்தார்களா இல்லையா என்று முற்றுகை விலகும் வரை யாருக்கும் தெரியாது. அப்படியானால் ஆராதனையில் என் மனம் உருகுவதை நான் எப்படி நம்புவது?

மூன்றாம்வரிசை:

நம்ப வேண்டாம். உபாகமம் 15 சொல்கிறபடி களத்திலிருந்து எவ்வளவு போனது என்று பாருங்கள்.

ஞாயிறுபள்ளி வாத்தியார்:

நான் கேட்டதைவிட நிறையக் கிடைத்துவிட்டது. இந்தச் சனிக்கிழமை எரேமியா 34-ஐயும் சங்கீதம் 44-ஐயும் சேர்த்து எடுக்கிறேன். சமையற்கட்டு அக்கா சொன்ன பூசணிக்காய் விஷயத்தைக் கமிட்டியில் பேசுகிறேன். ஏலத்தை நிறுத்தமாட்டார்கள், தெரியும். விளைச்சலில் ஒரு பங்கையாவது ஏலத்துக்கு முன்பே தனியாக எடுத்து வைக்கச் சொல்லிப் பார்க்கலாம்.

தயாரிக்கும்போது லேவியராகமம் 25-ம் கண்ணில் பட்டது. ஏழைச் சகோதரனிடம் வட்டி வாங்காதே, எகிப்திலிருந்து உங்களைப் புறப்படப்பண்ணினவர் நானே என்கிறார் (36 முதல் 38). சபையில் முன்வரிசையில் உட்கார்ந்து சாட்சி சொல்கிறவர்களில் வட்டிக்கு விடுகிறவர்களும் உண்டு. வாங்கினவர்கள் பின்வரிசையில். இதை வகுப்பில் எடுக்கலாமா, அல்லது இங்கே தனி இழை போடட்டுமா?

சமையற்கட்டு:

தனி இழை வேண்டாம். இங்கேயே எழுதுங்கள். மாதம் எத்தனை வட்டி என்பதையும் சேர்த்து.